டோக்கியோவில் தனியாக எட்டு ராத்திரி: ஷின்ஜுகுவில் மூன்று, குராமயேயில் ஐந்து

டோக்கியோவுக்குத் தனியாகப் போகிறேன் என்று சொன்னதும் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன பெயர் ஷின்ஜுகு. "எங்கே போகணும்னாலும் அங்கிருந்து ட்ரெயின் இருக்கு." அது பொய்யில்லை, அதனால் முதல் மூன்று ராத்திரியை அங்கே போட்டேன். மீதி ஐந்தை, யாருமே பெயர் சொல்லாத குராமயேயில், மேப்பை வெறித்து வெறித்துப் பார்த்து நானே முடிவுசெய்து போட்டேன். இரண்டு ஹோட்டல்களின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் ஹோட்டல்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நான் இடம் பார்த்த விதம்தான் தப்பு. அதனால் இதை ஹோட்டல் விமர்சனமாக இல்லாமல் ஏரியா விமர்சனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஹோட்டலின் பக்கத்தில் "ஸ்டேஷனிலிருந்து நடந்து 5 நிமிடம்" என்று இருந்தது. ஷின்ஜுகு ஸ்டேஷன் என்பது நாம் நினைக்கிற மாதிரி ஒரு வாசல், ஒரு ஆட்டோ ஸ்டாண்ட் உள்ள கட்டடம் கிடையாது. உலகத்திலேயே அதிகக் கூட்டம் புழங்குகிற ஸ்டேஷன் என்று கின்னஸில் ஏறியது, வெளியே வரும் வாசல்களே 200-க்கு மேல். நரிட்டா விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு, போனில் நீலப் புள்ளி தரைக்கு அடியில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் துள்ளிக்கொண்டிருக்க, நான் மேற்குப் பக்கம் வெளியே வந்துவிட்டேன். ஹோட்டல் கிழக்கே. நடுவில் வரிசையாகத் தண்டவாளங்கள். சுற்றி வந்து சேர 25 நிமிடம் ஆனது. ரிசப்ஷனில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் சுவரில் இருந்த மேப்பைப் பார்த்தேன்: அந்த 5 நிமிடம், சேபு-ஷின்ஜுகு என்கிற வேறு ஸ்டேஷனிலிருந்து! அது வேறொரு ரயில் கம்பெனியின் கடைசி ஸ்டேஷன், பெரிய ஸ்டேஷனுக்கு வடக்கே தள்ளித் தனியாக நிற்கிறது. புக்கிங் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டுத்தான் இருந்தார்கள், நான்தான் "ஷின்ஜுகு" என்ற சொல்லைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்கவில்லை.

இந்த நிமிடக் கணக்கைப் பற்றி ஒன்று. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் நடை நேரம் எழுதுவதற்கு ஒரு விதி உண்டு, 80 மீட்டருக்கு 1 நிமிடம். சிக்னலில் நிற்பது, படியேறுவது எதுவும் அதில் சேராது. ஹோட்டல்காரர்களும் அதே வாய்ப்பாட்டில்தான் எழுதுகிறார்கள் என்பது என் ஊகம். ஆக 5 நிமிடம் என்றால் 400 மீட்டர் என்று படியுங்கள், அப்புறம் உங்கள் பெட்டியையும் உங்கள் முழங்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் போனது டிசம்பர் தொடக்கம். சாயங்காலம் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. பகலில் எங்கே சுற்றினாலும் ரூமுக்குத் திரும்புவது எப்போதும் இருட்டில்தான், அதுவும் தனியாக. ஜோடியாகவோ குடும்பத்தோடோ போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தனியாகப் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்து ஹோட்டல் கதவு வரைக்குமான அந்தக் கடைசி 400 மீட்டர்தான் முழு ஊரும். அங்கே என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள், வெளிச்சம் எப்படி, இவைதான் நாள் முடிவில் மனநிலையைத் தீர்மானிக்கின்றன.

என் 400 மீட்டர், ஷின்ஜுகுவின் ராத்திரிக் கேளிக்கை ஏரியாவான கபுகிச்சோவின் குறுக்கே போனது. சிவப்பு நியான் வளைவு, மூலைக்கு மூலை கோட் போட்டுக்கொண்டு பாருக்கு ஆள் பிடிக்கிற பையன்கள், அவர்கள் தலைக்கு மேலேயே "ஆள் பிடிப்பவர்கள் பின்னால் போகாதீர்கள்" என்று மாறி மாறி அறிவிக்கிற ஒலிபெருக்கி. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் தேடுகிற வாடிக்கையாளர் நானில்லை, ஆண்கள். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதினைந்தாயிரம் காலடி நடந்த நாளின் முடிவில், தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக நடக்க வேண்டியிருப்பதே ஒரு வேலை. இரண்டாவது நாள் ராத்திரி எட்டரை மணிக்குப் பசியோடு ரூமில் உட்கார்ந்திருந்தேன், மறுபடி அந்தத் தெருவில் இறங்கி ஏற மனசு வரவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்துவிட்டு ரூமுக்குள் அடைந்துகிடந்தால் அந்த ஏரியா எனக்குச் சரியில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த ஹோட்டலுக்கு லொகேஷன் மதிப்பெண் 9.4. அதை நம்பித்தான் போட்டேன். இப்போது யோசித்தால், ராத்திரி இரண்டு மணி வரை வெளியே இருக்க விரும்புகிறவர்கள் போட்ட 9.4 அது, அவர்களுக்கு அது நியாயமான மதிப்பெண்தான். பயணி வகையில் "தனியாக" என்பதைத் தேர்ந்தெடுத்து, அதிலும் நடுத்தரமாக மார்க் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படித்தால் வேறு கதை வருகிறது. பத்துக்குப் பத்து போட்டவர் "சூப்பர்" என்று முடித்துவிடுகிறார், ஒன்று போட்டவர் எதற்கோ கோபத்தில் இருக்கிறார். ஏழு போட்டவர்தான் "ஜன்னல் பக்கம் படுத்தால் விடியற்காலை குப்பை லாரி சத்தம்" என்று எழுதுகிறார். அதை நான் வந்த பிறகு படித்தேன். அவர் சொன்னது சரி, லாரிக்கு முன்னால் காக்காய்கள் வருவதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

ரூமில் சிகரெட் வாடை வேறு. இதுவும் என் கவனக்குறைவுதான், ஆனால் பலர் மாட்டுகிற இடம் என்பதால் சொல்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து ஜப்பானில் பொது இடங்களில் உள்ளே புகைபிடிக்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது, அதனால் எல்லா ரூமும் புகை இல்லாத ரூம் என்று நினைத்துக்கொண்டேன். ஹோட்டல் அறைகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. மலிவான ரூமாகப் பார்த்துத் தட்டினால் அது புகைபிடிப்பவர்களுக்கான ரூமாக இருக்க நிறைய வாய்ப்பு. ஜப்பானியத்தில் "கின்-யென்" என்றால் புகை கூடாது, "கிட்சு-யென்" என்றால் தாராளமாகப் பிடிக்கலாம். காதில் கேட்டால் குழம்பும், எழுத்தைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். மாற்று ரூம் கேட்டேன், காலியில்லை என்று மூன்று தடவை தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள், ஒரு வாசனை ஸ்ப்ரே கொடுத்தார்கள். இப்போது ரூமில் சிகரெட்டும் எலுமிச்சையும் சேர்ந்து அடித்தது.

வாடகை ராத்திரிக்கு 14,000 யென். அதற்கு மேல் தங்கும் வரி ராத்திரிக்கு 100 யென் தனியாக வாங்கினார்கள். டோக்கியோவில் 2002-லிருந்து இந்த வரி இருக்கிறது, நான் போனபோது 10,000 யென்னுக்குக் கீழே உள்ள ரூமுக்குக் கிடையாது. காசு பெரிதில்லை, ஆனால் புக்கிங்கில் கட்டிவிட்டோமே, மறுபடி எதற்குச் சில்லறை கேட்கிறார்கள் என்று விழிக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, குராமயே.

இந்த முறை ஹோட்டலைத் தேடவே இல்லை, முதலில் ரயில் லைனைத் தேடினேன். டோக்கியோ என்றதும் எல்லாரும் யமனோத்தே லைன் பக்கத்தில் தங்கச் சொல்வார்கள், 30 ஸ்டேஷன்களோடு வட்டமாகச் சுற்றுகிற பச்சை ரயில். நல்ல யோசனைதான், ஆனால் அந்த வட்டத்தின் மேலே இருக்கிற எல்லாவற்றுக்கும் அந்த விலை ஏறியிருக்கும். அதற்குப் பதிலாக, தோயெய் அசாகுசா லைன் என்று ஒரு சுரங்க ரயில் இருக்கிறது. அதன் ரயில்கள் இரண்டு முனையிலும் வேறு கம்பெனிகளின் தண்டவாளத்தில் ஏறி, ஒரு பக்கம் நரிட்டா, இன்னொரு பக்கம் ஹனேடா, இரண்டு விமான நிலையங்களுக்கும் நேராகப் போகின்றன. எனக்கு வந்தது நரிட்டா, திரும்புவது ஹனேடா. அந்த லைனில் விரலை வைத்து ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெரிய கோவில் இருக்கிற அசாகுசாவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் குராமயே. மேப்பைப் பெரிதாக்கினால் வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், கொன்பினி என்கிற சின்ன சூப்பர் மார்க்கெட் இரண்டு, காசு போட்டுத் துவைக்கிற கடை ஒன்று. ஒரு ஏரியாவில் பள்ளிக்கூடமும் துணி துவைக்கிற கடையும் இருந்தால் அங்கே ஆட்கள் தூங்குகிறார்கள் என்று அர்த்தம், எனக்கு அது போதும்.

பெயரிலேயே "கிடங்குக்கு முன்னால்" என்று பொருள். ஷோகன் என்கிற ராணுவ ஆட்சியாளர்கள் காலத்து அரிசிக் கிடங்குகள் ஆற்றங்கரையில் இருந்த இடம். 1980-கள் பாதி வரை சுமோ அரங்கமும் இங்கேதான், பிறகு ஆற்றைத் தாண்டி ரியோகோகுவுக்குப் போய்விட்டது. இப்போது பழைய பொம்மை மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவில் காபிக் கொட்டை வறுக்கிற கடைகளும், தோல் பை தைக்கிறவர்களும், நோட்டுப் புத்தகத்தை நம் விருப்பப்படி கட்டித் தருகிற கடையும் வந்திருக்கின்றன. சுற்றுலாப் பட்டியலில் தனியாக வந்து பார்க்க ஒன்றுமில்லை. தங்குகிற இடத்துக்கு அதுவே நல்லது.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது, முன்னாலேயே தெரிந்ததால் தப்பித்தேன். குராமயே என்ற பெயரில் இரண்டு ஸ்டேஷன்கள், அசாகுசா லைனுக்கு ஒன்று, ஓயெடோ லைனுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பூமிக்கடியில் வழி கிடையாது, தெருவுக்கு ஏறி வந்து நடந்துதான் மாற வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டும். அதோடு, ஸ்டேஷனுக்கு எத்தனை வாசல் இருந்தாலும் லிஃப்ட் பெரும்பாலும் ஒன்றில்தான் இருக்கும். ஹோட்டலுக்கு மிக அருகில் உள்ள வாசல் எது என்று பார்ப்பதை விட, லிஃப்ட் உள்ள வாசல் எது, அங்கிருந்து ஹோட்டல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ஓயெடோ லைனில் பெட்டியோடு வந்தபோது இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே எழுதி வைத்திருந்ததால், ஒரு படிகூடப் பெட்டியைத் தூக்கவில்லை. சின்னப் பெருமைதான், ஆனால் நாள் முழுக்க இருந்தது.

மதியம் ஒரு மணிக்கே போய்விட்டேன். செக்-இன் மூன்று மணி, அதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டார்கள், ஆனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டை நகல் எடுத்தார்கள், ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் எல்லாரிடமும் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ரூம் 12 சதுர மீட்டர். பெட்டியை விரித்தால் கதவு வரைக்கும் போக அதைத் தாண்டித்தான் குதிக்க வேண்டும். கட்டில் 120 சென்டிமீட்டர் அகலம், அங்கே இதை செமி-டபுள் என்று சொல்லி இரண்டு பேருக்கும் விற்கிறார்கள், அந்த இரண்டு பேர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஒருவருக்கு ராஜ கட்டில். தேடும்போது ஆட்கள் எண்ணிக்கையை 1 என்று சரியாகப் போடுங்கள், பழக்கதோஷத்தில் 2 என்று விட்டுவிட்டால் அதே ரூமுக்கு வேறு விலை காட்டும், ஏனென்றால் அங்கே பல ஹோட்டல்களில் விலை ரூமுக்கு இல்லை, ஆளுக்கு. தனியாகப் போகிறவரைத் தண்டிக்காத ஊர் என்ற விதத்தில் டோக்கியோவுக்கு நான் முழு மார்க் தருவேன். ராத்திரிக்கு 8,500 யென், வரியும் இல்லை.

குளியலறை முழுவதும் ஒரே பிளாஸ்டிக் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. இதை யூனிட் பாத் என்கிறார்கள், 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குள் ஒரு பெரிய ஹோட்டலைக் கட்டி முடிக்க நேரம் போதாமல் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்தியதில் பிரபலமான ஏற்பாடு. விமானக் கழிப்பறையில் குளிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், இரண்டாவது நாள் பழகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு டார்ச் செருகியிருந்தது, எடுத்தவுடன் தானாக எரியும், நிலநடுக்கத்துக்கோ மின்தடைக்கோ வைத்திருப்பது. முதல் ராத்திரி போன் சார்ஜர் பிளக்கைத் தேடுகிறேன் என்று அதை இழுத்துவிட்டு, திரும்பச் செருகினால் அணையும் என்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் முழித்தேன்.

மூன்றாவது நாள் சாயங்காலம் ஷிம்பாஷியிலிருந்து திரும்பும்போது வந்த முதல் ரயிலில் ஏறிவிட்டேன். அது விமான நிலைய விரைவு வண்டி, எல்லா இடத்திலும் நிற்காது. குராமயே பிளாட்பாரம் ஜன்னல் வழியாக சர்ரென்று போவதைப் பார்த்தேன். அடுத்து அசாகுசாவில் இறங்கி, திரும்ப ரயில் ஏறச் சோம்பல்பட்டு, சுமிடா ஆற்றங்கரையில் தெற்கே நடந்தேன். கால் மணி நேரம் இருக்கும். எதிர்க்கரையில் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம் விளக்கேற்றி நின்றது, கரையில் நாய் நடத்துகிறவர்கள், ஓடுகிறவர்கள், பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பர் கப்பில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் தலையைக் குனியவில்லை. மீதி நாட்களில் வேண்டுமென்றே அசாகுசாவில் இறங்கி நடந்தேன்.

குராமயேயில் குறை இல்லாமல் இல்லை. சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடுகின்றன, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொன்பினிதான் கதி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், பார்க்கச் சைவமாக இருக்கிற சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். அதற்கு நான் ஓயெடோ லைனில் இரண்டு ஸ்டேஷன் போய் ஒகாச்சிமாச்சி பக்கம் இறங்கினேன். நகைக் கல் வியாபாரம் நடக்கிற இடம் அது, இந்திய வியாபாரிகள் இருப்பதால் சைவ இந்திய உணவகங்கள் உண்டு. ஷிபுயா, ஷின்ஜுகு பக்கம் ராத்திரி வாழ்க்கைக்காகவே போகிறவர்கள் குராமயேயில் தங்காதீர்கள். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பின்னாக ரயில்கள் நின்றுவிடும், காலை ஐந்து மணிவாக்கில்தான் மறுபடி ஓடும். நான் போனபோது டாக்ஸி முதல் ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 500 யென்னில் தொடங்கியது, ராத்திரி பத்து மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். ஊரின் குறுக்கே ஒரு தடவை போனால் ரூம் வாடகையில் மிச்சம் பிடித்தது காலி.

மற்ற ஏரியாக்களைப் பகலில் நடந்து பார்த்த வரையில்: உவேனோ முதல் தடவை போகிறவர்களுக்கு எளிது, நரிட்டாவிலிருந்து நேர் ரயில், பூங்கா, மியூசியங்கள், கூச்சலான சந்தை எல்லாம் பக்கத்தில். ஆனால் "உவேனோ அருகில்" என்று மலிவாக வருவதில் சில, அடுத்த ஸ்டேஷனான உகுயிசுதானியைச் சுற்றி இருக்கும், அங்கே மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற லவ் ஹோட்டல்கள் ஏராளம். ரூம் படத்தில் கண்ணாடியும் ஊதா விளக்கும் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். மினாமி-செஞ்சு பக்கம் இன்னும் மலிவு, ஒரு காலத்தில் தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய விடுதிகள் இப்போது முதுகுப்பைக்காரர்களுக்கு. ரூம் ரொம்பச் சின்னது, குளியலறை பொது. அசாகுசாவிலேயே தங்கினாலும் நன்றாகத்தான் இருக்கும், பகலில் நிற்க இடமிருக்காது, கடைகள் ஷட்டர் போட்ட பிறகு கோவில் வளாகம் விளக்கு வெளிச்சத்தில் ஆளில்லாமல் கிடக்கிறது, அப்போது போய்ப் பாருங்கள். ஆனால் அசாகுசா என்ற பெயரிலும் ஒன்றுக்கு மேல் ஸ்டேஷன் இருக்கிறது, அதில் சுக்குபா எக்ஸ்பிரஸின் அசாகுசா மற்றவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி. இந்த ஊரில் ஸ்டேஷன் பெயரை மட்டும் நம்பாதீர்கள், லைன் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

கிளம்பும் நாள் செக்-அவுட் பத்து மணி. மற்ற ஊர்களில் போல பதினொன்று, பன்னிரண்டு என்று இழுக்க முடியாது. ஒன்பதே முக்காலுக்கே லிஃப்ட் முன்னால் பெட்டிகளோடு வரிசை நிற்கிறது. நானும் நின்று, கீழே வந்து, சாவி அட்டையைப் பெட்டியில் போடும்போதுதான் ரிசப்ஷன் மேசையில் ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தைப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்த ரூம் வேண்டுமென்றால் ராத்திரிக்கு 1,000 யென் கூடுதல், ஏழாவது மாடிக்கு மேல். ஐந்து நாளும் நான் பார்த்தது பக்கத்துக் கட்டடத்தின் ஏசி வெளிப்பெட்டிகளை.